சடையப்பர் வீட்டில் சமைத்தது யார்?

திருவெண்ணெய்நல்லூர் என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வருகிறது? விழுப்புரம் மாவட்டத்தில், தென்பெண்ணைக் கரைப் பக்கம் இருக்கிற ஊர். பெயரிலேயே வெண்ணெய் இருக்கிறது. ஆனால் ஊருக்குப் புகழ் சேர்த்தவை இரண்டு கதைகள். ஒன்று வழக்கு. இன்னொன்று சோறு.

வழக்குக் கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். புத்தூரில் சுந்தரருக்குக் கல்யாணம் நடக்கப் போகிறது. எங்கிருந்தோ ஒரு கிழவர் வந்து, "நிறுத்து! நீ எனக்கு அடிமை. உன் பாட்டன் எழுதிக் கொடுத்த ஓலை இதோ" என்கிறார். கோபத்தில் ஓலையைக் கிழித்துப் போடுகிறார் சுந்தரர். மூல ஓலை வெண்ணெய்நல்லூரில் பத்திரமாக இருக்கிறது என்கிறார் கிழவர். அந்த ஊர்ச் சபையில் வழக்கு நடக்கிறது. கையெழுத்தை ஒத்துப் பார்க்கிறார்கள். கிழவர் ஜெயித்துவிடுகிறார். 'உம் வீடு எங்கே ஐயா?' என்று கேட்டால், அருட்டுறைக் கோயிலுக்குள் நுழைந்து மறைந்துபோகிறார். வந்தவர் சிவபெருமான்! கதையின் பக்தியை ஒரு நிமிடம் ஒதுக்கிவைத்துப் பாருங்கள். பரம்பரை பரம்பரையாக உழைக்கச் சம்மதித்து எழுதிக் கொடுத்த ஆளோலை ஒன்று நடுவில் இருக்கிறது. உழைப்புக்கு ஆவணம்.

சோற்றுக் கதை சடையப்ப வள்ளலுடையது. கம்பரை ஆதரித்த வேளாளப் பெருமகன். கம்பர் காலம் ஒன்பதாம் நூற்றாண்டா பன்னிரண்டா என்று அறிஞர்கள் இன்னமும் வாதாடிக்கொண்டிருக்கிறார்கள். ஆனால் சடையப்பர் போட்ட சோற்றைப் பற்றிச் சண்டையே இல்லை. ஈழத்தில் பஞ்சம் வந்தபோது கப்பல்களில் நெல் அனுப்பினார் என்பது செவிவழிக் கதை. நன்றியை மறக்காத கம்பர், ராமன் பட்டாபிஷேகத்தில் கிரீடத்தை எடுத்துக் கொடுக்கும் கௌரவத்தையே சடையனின் முன்னோருக்குக் கொடுத்துவிட்டார். ஒரு சோற்றுக் கடனை இதைவிடப் பெரிதாக யாரும் அடைத்ததில்லை.

போகட்டும். நம் கேள்வி வேறு. சடையப்பர் வீட்டில் அந்தச் சோற்றை வடித்தது யார்? நெல்லைக் குத்தியது யார்? புகையில் கண் கசக்கியது யார்? காவியத்தில் கொடுத்தவர் பெயர் இருக்கிறது. சாப்பிட்டவர் பெயர் உலகத்துக்கே தெரியும். சமைத்தவர் பெயர் எங்கும் இல்லை. அடுப்படிக்கு ஆளோலைகூடக் கிடையாது.

வீட்டில் சமைப்பது மலிவு, கடையில் வாங்குவது ஊதாரித்தனம் என்று காலம் காலமாகச் சொல்லி வருகிறோமே, அந்தக் கணக்கின் ஓட்டை இங்கேதான் இருக்கிறது. அரிசி விலை தெரியும், பருப்பு விலை தெரியும். கை விலை?

நம் ஊரில் கைக்கு யாருமே விலை போட்டதில்லை என்று நினைத்துவிடாதீர்கள். போட்டிருக்கிறார்கள். வீட்டில் அல்ல, கோயிலில்.

அதே விழுப்புரம் மாவட்டத்தில் எண்ணாயிரம் என்று ஓர் ஊர். முதலாம் ராஜேந்திர சோழன் காலத்தில் அங்கே ஒரு பெரிய கல்விச்சாலை நடந்தது. இளைய மாணவர்கள் 270 பேர், மூத்தவர்கள் 70 பேர், ஆசிரியர்கள் 14 பேர். இதற்காக 45 வேலி நிலம். இளைய மாணவன் ஒருவனுக்கு நாளொன்றுக்கு ஆறு நாழி நெல் என்கிறது கல்வெட்டு. கவனியுங்கள், நெல். அரிசி இல்லை, சோறும் இல்லை. பொடிப் பையன்கள் 270 பேருக்கு மட்டும் கணக்குப் போட்டால் தினமும் 1,620 நாழி. ஒரு கலத்துக்குத் தொண்ணூற்றாறு நாழி என்று வைத்துக்கொண்டால் கிட்டத்தட்ட பதினேழு கலம்! அத்தனையும் யாரோ உலக்கை பிடித்துக் குத்தினால்தான் வாய்க்குப் போகும்.

சோழர் காலத்துக் கணக்குப்பிள்ளைகள் இதை மறக்கவில்லை. ஐந்து பங்கு நெல்லுக்கு இரண்டு பங்கு அரிசி என்பது அவர்கள் கல்வெட்டுகளில் அடிக்கடி வரும் விகிதம். நெல் குத்தக் கூலி உண்டு. சோறு அடுபவருக்கு இவ்வளவு நெல், விறகிடுபவருக்கு இவ்வளவு, பானை கொடுக்கும் குயவருக்கு இவ்வளவு என்று கல்லிலேயே வெட்டிவைத்தார்கள். சாமிக்குப் படைக்கும் சோற்றில் உழைப்புக்கு ஒரு விலை இருந்தது. மாமனாருக்குப் போடும் சோற்றில்தான் அது காணாமல் போனது!

அந்த உழைப்பு கொஞ்சநஞ்சமில்லை. ரைஸ் மில் வருவதற்கு முன்னால் அரிசி என்பது கடையில் வாங்குகிற பொருள் இல்லை. விடிவதற்குள் கொல்லையில் தயாராக வேண்டிய பொருள். நெல்லை அவித்து, காயவைத்து, குத்தி, புடைத்து, கல் பொறுக்கி, அதற்கப்புறம்தான் உலை. இட்லி என்றால் இன்னும் மோசம். ஊறப்போட வேண்டும், ஆட்டுக்கல்லில் உட்கார்ந்து தோள் கழன்று விழும்வரை ஆட்ட வேண்டும், ராத்திரி முழுக்கப் புளிக்கவிட வேண்டும். கிராமத்து வீடுகளில் இட்லி தீபாவளிக்கும் பொங்கலுக்கும் மட்டும் எட்டிப் பார்த்ததற்குக் காரணம் அரிசி, உளுந்தின் விலை மட்டுமல்ல. ஆட்டுகிறவர் கையும்தான். உங்கள் பாட்டி இருந்தால் கேட்டுப் பாருங்கள், சொல்வார்.

பிறகு ஒவ்வொன்றாக இயந்திரங்கள் வந்தன. 1950-களில் கோயம்புத்தூர் வெட் கிரைண்டர் ஆட்டுக்கல்லுக்கு மோட்டார் மாட்டியது. 1959 வாக்கில் பிரஷர் குக்கர் இந்தியாவிலேயே தயாராக ஆரம்பித்தது. 1960-களில் மிக்சி. தமிழக அரசு 2006-க்குப் பிறகு இலவச கேஸ் அடுப்பு கொடுத்தது. 2011-ல் மிக்சி, கிரைண்டர், மின்விசிறி மூன்றையும் விலையில்லாமல் கொடுத்தது. கிண்டல் செய்தவர்கள் உண்டு. ஆட்டுக்கல்லில் உட்கார்ந்து பார்க்காதவர்கள்!

சரி, இவ்வளவு இயந்திரம் வந்த பிறகாவது பாரம் இறங்கியதா? 2019-ல் தேசியப் புள்ளியியல் அலுவலகம் நாடு முழுக்க ஒரு கணக்கெடுத்தது. மக்கள் ஒரு நாளின் இருபத்துநான்கு மணி நேரத்தை எப்படிச் செலவழிக்கிறார்கள் என்று. சம்பளமில்லாத வீட்டு வேலையில் கை வைத்தவர்கள் பெண்களில் நூற்றுக்கு 81 பேர். ஆண்களில் 26 பேர். கை வைத்தவர்களிலும் பெண்கள் செலவிட்டது நாளுக்கு 299 நிமிடம். ஆண்கள் 97 நிமிடம். ஐந்து மணி நேரத்துக்கு ஒரு நிமிடம்தான் குறைச்சல். இதில் துடைப்பதும் துவைப்பதும் சேர்த்திதான். ஆனாலும் அடுப்படிதான் பெரும்பங்கு என்று சொல்ல ஆராய்ச்சி தேவையில்லை.

இந்த ஐந்து மணி நேரத்தின் மேல் கண் வைத்துத்தான் வந்தது, பாக்கெட்.

ஜப்பானுக்கு ஒரு நடை போய்வரலாம். இரண்டாம் உலகப் போரில் தோற்று, சோற்றுக்குத் திண்டாடிய தேசம். ஒரு கிண்ணம் சூடான நூடுல்ஸுக்காகக் குளிரில் கால்கடுக்க நின்ற ஜனங்களைப் பார்த்த மொமொஃபுகு ஆண்டோ என்பவர், வீட்டுக் கொல்லையில் ஒரு கொட்டகை போட்டு உட்கார்ந்தார். நூடுல்ஸை எண்ணெயில் பொரித்து ஈரத்தை எடுத்துவிட்டால் மாதக்கணக்கில் கெடாது, வெந்நீர் ஊற்றினால் மறுபடி மெத்தென்று ஆகிவிடும் என்று கண்டுபிடித்தார். 1958 ஆகஸ்ட் 25-ம் தேதி விற்பனைக்கு வந்தது. இந்தத் தேதியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேலை இருக்கிறது.

விலை? 35 யென். அன்றைக்கு ஜப்பானியக் கடைகளில் ஒரு உருண்டை புதிய ஊடோன் நூடுல்ஸ் 6 யென்னுக்குக் கிடைத்தது. ஆறு மடங்கு! வியாபாரிகள் உதட்டைப் பிதுக்கினார்கள். ஜனங்கள் வாங்கிக் குவித்தார்கள். 6 யென் நூடுல்ஸுக்குக் குழம்பு வைக்க வேண்டும். 35 யென் நூடுல்ஸுக்கு வெந்நீர் போதும். மிச்சம் 29 யென் கொடுத்து அவர்கள் வாங்கியது சாப்பாட்டை அல்ல. நேரத்தை.

நம் பக்கத்து உதாரணம் ஒன்று இதைவிடச் சுவாரஸ்யம். பெங்களூரின் பிரபலமான எம்.டி.ஆர். ஹோட்டல். 1975-ல் நெருக்கடி நிலை வந்தது. ஹோட்டல் பண்டங்களின் விலையை இவ்வளவுதான் என்று அரசாங்கம் அடித்துக் குறைத்தது. சாமான் விலைக்கும் ஆள் கூலிக்கும் கட்டுப்படியாகவில்லை. தரத்தைக் குறைக்க மனமில்லாத முதலாளி, இன்றைக்கு இவ்வளவு நஷ்டம் என்று தினமும் வாசலில் எழுதிப் போட்டார் என்பார்கள். கடைசியில் ஹோட்டலையே மூடினார். சமையல்காரர்களுக்கு வேலை வேண்டுமே? பொடிகளும் மாவுகளும் தயாரித்துப் பாக்கெட் போட்டு விற்க ஆரம்பித்தார்கள். சுடச்சுடச் சமைத்த உணவின் உழைப்புக்கு உரிய விலை மறுக்கப்பட்ட இடத்தில், பாக்கெட் பிறந்தது. ஹோட்டல் பின்னாளில் மறுபடி திறந்தது. பாக்கெட்டோ உலகம் சுற்றப் போய்விட்டது.

1983-ல் மேகி இந்தியாவுக்கு வந்தது. 'இரண்டு நிமிடம்' என்பதுதான் விளம்பரமே. ருசியைச் சொல்வதற்கு முன்னால் கடிகாரத்தைக் காட்டினார்கள். அப்புறம் தெருமுனை வீட்டில் 'இட்லி மாவு கிடைக்கும்' என்று அட்டை தொங்கியது. பிறகு அதே மாவு பிளாஸ்டிக் பையில் அண்ணாச்சி கடை ஃப்ரிட்ஜுக்குள் ஏறியது.

"இந்தக் காலத்துப் பொம்பளைங்களுக்குச் சோம்பேறித்தனம்" என்று ஒரு வசனம் உண்டு. சொல்பவர் பெரும்பாலும் ஈஸி சேரில் இருப்பார். வேலைக்குப் போய்விட்டு ஏழு மணிக்குப் பஸ் இறங்குகிற ஒரு பெண் மாவு பாக்கெட் வாங்கினால், அவர் வாங்குவது ஒரு மணி நேரத் தூக்கம். உப்பும் எண்ணெயும் தூக்கலான பாக்கெட் தீனி உடம்புக்கு ஆகாது என்பது உண்மைதான். ஆனால் 'வேண்டாம், புதிதாகவே சமை' என்று சொல்பவர், 'யார் சமைப்பது' என்பதற்கும் சேர்த்துப் பதில் சொல்ல வேண்டும். அதுதான் நியாயம்.

அந்தக் கேள்விக்கு ஓர் அரசாங்கம் பதில் சொல்லிப் பார்த்த கதை நம்மிடமே இருக்கிறது. பள்ளிக்கூடச் சாப்பாடு.

1920-ல் சர் பிட்டி தியாகராயர் தலைமையில் இருந்த சென்னை மாநகராட்சி, ஆயிரம் விளக்குப் பள்ளியில் பிள்ளைகளுக்குச் சாப்பாடு போடத் தீர்மானித்தது. ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்கு ஓர் அணாவுக்கு மேல் போகக்கூடாது என்பது நிபந்தனை. அந்த ஓர் அணாவையும் கல்வி நிதியிலிருந்து எடுக்கக்கூடாது என்று வெள்ளைக்கார அரசு கையை விரிக்க, 1925-ல் திட்டம் நின்றுபோனது. 1956-ல் காமராஜர் மதிய உணவைக் கொண்டுவந்தபோது ஊர் மக்களிடம் அரிசியும் காயும் கேட்டுத்தான் தொடங்கினார். 1961-லிருந்து அமெரிக்காவின் கேர் நிறுவனம் பால் பவுடரும் எண்ணெயும் தானியமும் அனுப்பியது.

1982 ஜூலை 1. எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கினார். 'கஜானா காலியாகிவிடும்' என்று சொல்லாதவர் இல்லை. பலரும் அரிசி பருப்புக் கணக்கையே பார்த்தார்கள். உண்மையான புதுமை வேறு இடத்தில் இருந்தது. ஒவ்வொரு மையத்துக்கும் ஓர் அமைப்பாளர், ஒரு சமையலர், ஓர் உதவியாளர். ஆதரவற்ற பெண்களுக்கும் விதவைகளுக்கும் முன்னுரிமை. எத்தனையோ நூற்றாண்டுகளாகக் கூலியில்லாமல் எரிந்த அடுப்பு, மாதச் சம்பளத்தில் எரிய ஆரம்பித்தது. கோயில் கல்வெட்டில் இருந்த 'அடுபவருக்கு இவ்வளவு' மறுபடி அரசாணையில் வந்து உட்கார்ந்தது.

மற்ற மாநிலங்கள் என்ன செய்தன? 1995-ல் மத்திய அரசு நாடு முழுக்க மதிய உணவுத் திட்டம் அறிவித்தது. பெரும்பாலான மாநிலங்கள் சமைக்கவில்லை. பிள்ளைக்கு மாதம் மூன்று கிலோ தானியம் அளந்து வீட்டுக்கு அனுப்பின. 'சமைக்கிற செலவை உன் அம்மா பார்த்துக்கொள்வாள்' என்று அர்த்தம். அந்த மூன்று கிலோ குடும்பச் சட்டியில் கரைந்து போனது. 2001 நவம்பர் 28-ல் உச்ச நீதிமன்றம் தலையிட்டது. தானியம் அல்ல, சமைத்த சாப்பாடு. குறைந்தது 300 கலோரி, 8 முதல் 12 கிராம் புரதம். வருடத்தில் 200 நாட்களாவது. ஒரு நீதிமன்றம் அடுப்பு பற்றவைக்கச் சொன்ன அபூர்வமான நாள் அது.

அடுப்பு என்றால் ஆபத்தும் உண்டு. மறைப்பதற்கில்லை. 2004 ஜூலை 16, கும்பகோணத்தில் ஒரு பள்ளியில் மதிய உணவு சமைத்த இடத்தில் கிளம்பிய தீ கீற்றுக்கூரையில் பரவி 94 குழந்தைகளைக் கொன்றது. 2013-ல் அதே ஜூலை 16, பீகாரின் சரண் மாவட்டத்தில் பூச்சிமருந்து கலந்த எண்ணெயில் சமைத்த சாப்பாடு 23 குழந்தைகளின் உயிரைக் குடித்தது. புதிதாகச் சமைப்பதற்கு இடம் வேண்டும், கட்டடம் வேண்டும், கவனிக்க ஆள் வேண்டும். இவற்றில் மிச்சம் பிடித்தால் விலையைக் குழந்தைகள் கொடுக்கிறார்கள்.

இந்த இரண்டு துயரங்களுக்கும் நடுவில்தான், 2007 வாக்கில், பிஸ்கெட் உற்பத்தியாளர் தரப்பு எம்.பி.க்களை அணுகியது. எதற்குச் சிரமப்பட்டுச் சமைக்கிறீர்கள்? சத்து சேர்த்த பிஸ்கெட் பாக்கெட் கொடுத்தால் போதுமே. புகை இல்லை, பாத்திரம் இல்லை, கை படாத சுத்தம். பல எம்.பி.க்கள், கட்சி வித்தியாசமில்லாமல், அப்போதைய மனிதவள மேம்பாட்டுத் துறை அமைச்சர் அர்ஜுன் சிங்குக்கு இதைப் பரிந்துரைத்துக் கடிதம் எழுதினார்கள். கோடிக்கணக்கான குழந்தைகள், தினமும் ஒரு பாக்கெட். வியாபாரத்தைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். மாநிலங்களின் கருத்தைக் கேட்டார்கள். சமைத்த சாப்பாடே தொடரட்டும் என்பதுதான் பதில். பிஸ்கெட் பள்ளிக்கூட வாசலோடு நின்றது.

ஏன் சமைத்த சாப்பாடு? பிஸ்கெட்டில் கலோரி இருக்கலாம். ஆனால் அது பசிக்குப் போடும் தாழ்ப்பாள்தான், சாப்பாடு ஆகாது. அரிசி, பருப்பு, கீரை, முட்டை ஒரே தட்டில் சேர்வது வேறு விஷயம். தமிழ்நாட்டில் 1989-ல் பதினைந்து நாளுக்கு ஒன்று என்று தட்டில் ஏறிய முட்டை, 2010-ல் வாரம் ஐந்து ஆனது. அப்புறம், பிஸ்கெட் பாக்கெட்டின் காசு தொழிற்சாலைக்குப் போகும். சமைத்த சோற்றில் ஒரு பங்கு அதே ஊர்ப் பெண்ணின் கைக்குப் போகும்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். பாக்கெட்டுக்கு ஜாதி கிடையாது. சமைத்த கைக்கு இந்த நாட்டில் ஜாதி பார்ப்பார்கள். சமையலர் நியமனத்தில் தலித் பெண்களுக்கு முன்னுரிமை கொடுக்க வேண்டும் என்று 2004-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2018-ல் திருப்பூர் மாவட்டத்தில் ஒரு பள்ளியில், தலித் பெண் சமைக்கக்கூடாது என்று பெற்றோர் சிலர் மறித்தார்கள். அவரை அங்கிருந்து மாற்றவும் செய்தார்கள். எதிர்ப்பு கிளம்பியதும் அதே பள்ளிக்கே திரும்ப வந்து சமைத்தார். பிஸ்கெட் கொடுத்திருந்தால் அந்தச் சண்டை வந்திருக்காது. ஜாதியும் அப்படியே இருந்திருக்கும்.

இப்போது அந்தத் தேதிக்கு வருவோம். 2022 செப்டம்பர் 15-ல் மதுரையில் முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் தொடங்கியது. உப்புமா, கிச்சடி, பொங்கல் என்று சுடச்சுடக் காலைச் சாப்பாடு. சுய உதவிக் குழுப் பெண்கள் விடியற்காலையில் வந்து சமைத்தார்கள். அது மாநிலம் முழுக்க உள்ள அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு விரிவானது, திருக்குவளையில். தேதி, 2023 ஆகஸ்ட் 25. ஆண்டோவின் உடனடி நூடுல்ஸ் கடைக்கு வந்து சரியாக அறுபத்தைந்து வருடம், அதே நாள்! தற்செயல்தான். ஆனால் ஒரே கேள்விக்கு இரண்டு விடைகள். நேரமில்லாத அம்மாவின் பிள்ளைக்கு என்ன கொடுப்பது? ஒருவர் பாக்கெட் என்றார். இன்னொருவர், இன்னொரு பெண்ணுக்குச் சம்பளம் கொடுத்துச் சமைக்கச் சொல் என்றார்.

என்ன சம்பளம்? அங்கேதான் நாம் இன்னும் தடுமாறுகிறோம். மதிய உணவு சமைப்பவருக்கு 2009-ல் மத்திய அரசு நிர்ணயித்த மதிப்பூதியம் மாதம் 1,000 ரூபாய். அதுவும் வருடத்தில் பத்து மாதம். தமிழ்நாடு அதற்கு மேல் தன் பங்கைப் போட்டது உண்மைதான். ஆனாலும் சத்துணவு ஊழியர்கள் முழுநேர அரசு ஊழியராக்கச் சொல்லிக் கொடி பிடித்த வருடங்கள் ஏராளம். 2023-ல் வீட்டுப் பெண்களின் கூலியில்லா உழைப்பை அங்கீகரிக்கிறோம் என்று சொல்லித் தமிழக அரசு மகளிர் உரிமைத் தொகை தொடங்கியது. அதுவும் மாதம் 1,000 ரூபாய். நாளுக்கு முப்பத்துமூன்று ரூபாய் சொச்சம். ஐந்து மணி நேர வேலைக்கு வகுத்துப் பாருங்கள், மணிக்கு ஏழு ரூபாய்கூடத் தேறாது. என்றாலும், பூஜ்யமாக இருந்த இடத்தில் ஓர் எண் வந்திருக்கிறது. சும்மா சொல்லக்கூடாது, அது சின்ன விஷயமில்லை.

அடுத்த முறை திருவெண்ணெய்நல்லூர்ப் பக்கம் போனால் கோயிலைப் பாருங்கள், சடையப்பரையும் நினைத்துக்கொள்ளுங்கள். அவர் வீட்டுக் கொல்லையில் உலக்கை பிடித்த கைகளையும் ஒரு நிமிடம் நினையுங்கள். அதற்கு முன், இன்றைக்கு ராத்திரி உங்கள் வீட்டில் தோசைக்கல் அடுப்பில் ஏறும்போது, 'மாவு ஆட்டினதா, வாங்கினதா?' என்று கேட்பதற்குப் பதில், கரண்டியைக் கையில் வாங்கி இரண்டு தோசை வார்த்துப் பாருங்கள். பிய்ந்து வந்தாலும் பரவாயில்லை. கணக்கு அங்கிருந்துதான் சரியாக ஆரம்பிக்கும்.